மோட்டார் வண்டியின் குளிர்பொறியும் அதன் பழுதறியும் முறையும்

சென்ற வேனிற்காலத்தில் எம் நண்பர் ஒருவர் தமது மோட்டார் வண்டியின் பொருட்டு அடைந்த இடர் இக்கட்டுரை எழுதுதற்குக் காரணமாயிற்று. அவருடைய அன்னையார் முதுமையும் நெஞ்சுநோயும் உடையவர். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்பட வேண்டியவர். வழியோ மூன்று மணி நேரப் பயணம். சித்திரைத் திங்களில் ஒரு நாள் வண்டியினுள் வரும் குளிர்காற்று நின்றது. பழுது பார்ப்பவரொருவர் கால்மணி நேரத்தில் அதனை மீண்டும் வரச் செய்தார், கூலியும் சொற்பமே. இரண்டு வாரம் சென்றபின், நடுவழியில், எஞ்சின் மூடியின் கீழிருந்து பெருங்கூச்சல் எழுந்து குளிர் முற்றிலும் அற்றது. "கம்ப்ரெஸர் போயிற்று, ஐயா, புதிது போட வேண்டும்" என்றனர். நண்பர் தம் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துப் புதிது போட்டார். நாற்பது நாட்கள் கழிந்தன. அந்தப் புதியதும் போயிற்று.

இரண்டாம் முறையும் பணம் கட்டுமுன் அவர் எம்மிடம் வந்து, "இஃது என்ன விதி?" என்று கேட்டார். விதியொன்றும் இல்லை. பழுதடைந்தது எது என்று கேட்டவர்கள், அஃது எதனாற் பழுதடைந்தது என்று கேட்க மறந்தனர், அவ்வளவே. உண்மையில் முதல் நாளன்று அவ்வண்டியின் கம்ப்ரெஸர் பழுதடையவே இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. அஃது எவ்வாறு தெரிந்ததென்பதை விளக்குமுன், குளிர்பொறி இயங்கும் விதத்தைச் சுருங்கக் கூறுவோம்.

புறங்கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவினால் அஃது ஆவியாய்ப் போகும்போது கை குளிர்வதை யாவரும் அறிவர். திரவம் ஆவியாதற்கு உஷ்ணம் வேண்டும். அதனை அடுத்துள்ள பொருளிலிருந்து கவர்ந்துகொள்ளும். குளிர்பொறியின் தத்துவம் இதுவே. ஆர்-134ஏ என்னும் பொருள் சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழ் 26 பாகை சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வண்டியின் முகப்புப் பலகைக்குப் பின்னே அமைந்த கூலிங் காயில் என்னும் குழாய்ச் சுருளில் இத்திரவம் ஆவியாகின்றது. அதன்மீது விசிறி செலுத்தும் காற்று குளிர்ந்து நம்மீது வீசுகின்றது. அவ்வாவியைக் கம்ப்ரெஸர் உறிஞ்சி, அழுத்தி, கொதிக்கும் சூட்டுடன் வண்டியின் முன்புறமுள்ள கண்டென்ஸருக்கு அனுப்புகின்றது. ஆங்கு வெளிக்காற்றுப் பட்டு ஆவி மீண்டும் திரவமாகி, டிரையர் என்னும் குப்பியில் ஈரமும் கசடும் நீங்கி, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை வழியே பழையபடி கூலிங் காயிலை அடைகின்றது. ஆகவே கம்ப்ரெஸர் குளிரை உண்டாக்குவதன்று. உள்ளே கவர்ந்த உஷ்ணத்தை வெளியே எறிதற்கு ஏற்றவாறு ஆவியை நெருக்கித் தரும் கருவியே அது.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம்; பின்வருவன யாவும் இதனைப் பற்றியே நிற்கின்றன. எஞ்சினுக்கு எண்ணெய்த் தொட்டி உண்டு. வண்டிகளிலுள்ள கம்ப்ரெஸர்களிற் பெரும்பாலானவற்றுக்கு அவ்விதத் தொட்டி இல்லை. அதற்குரிய சிறிதளவு எண்ணெய் வாயுவோடு கலந்து, வாயு செல்லுமிடமெல்லாம் சென்று, வாயுவோடு திரும்பி வந்தே உள்ளுறுப்புக்களை நனைக்கின்றது. வாயு குறைந்தால் குளிர் குறைவது மட்டுமன்று, எண்ணெயைச் சுமந்து திரும்பும் ஊர்தியும் குறைந்ததாம். வாயு கசியும் துளைவழியே எண்ணெயும் கசிந்து போம். வாயுவின்றிச் சுழலும் கம்ப்ரெஸர் எண்ணெயின்றிச் சுழல்கின்றது. அதன் முடிவு சொல்ல வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் பேக்கர்டு கம்பெனியார் 1940-ஆம் ஆண்டுக்குரிய தம் வண்டிகளில் முதன்முதலாகக் குளிர்பொறியை அமைத்து விற்றபோது, கம்ப்ரெஸரை வேண்டியபோது ஓட்டவும் வேண்டாதபோது நிறுத்தவும் வழி செய்தாரில்லை. எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடியது. குளிர்காலம் வந்தால் மூடியைத் திறந்து பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். சில ஆண்டுகளில் அவ்வமைப்புக் கைவிடப்பட்டது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் கம்ப்ரெஸரின் முகத்தில் மின்காந்தக் கிளட்ச் ஒன்று உண்டு. பெல்ட் சுற்றும் கப்பி எப்பொழுதும் சுழன்றுகொண்டிருக்கும். அதற்கு முன்னே இருக்கும் தட்டு மட்டும், காந்தச்சுருளில் மின்சாரம் பாயும்போது கப்பியோடு ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் தண்டைச் சுழற்றும்.

எனவே பழுதறிய முற்படுவோன் முதற்கண் செய்யவேண்டுவது எஞ்சினை ஓட்டி, குளிர்ப் பொத்தானை அமுக்கி, அத்தட்டை நோக்குதலே. கப்பி சுழல்வதைக் கண்டு கம்ப்ரெஸர் சுழல்கின்றதென எண்ணி ஏமாறுவோர் பலர். தட்டு நிற்குமாயின், காந்தச்சுருளுக்கு மின்சாரம் வருகின்றதா என்று சோதனை விளக்கினாலேனும் மீட்டரினாலேனும் பார்த்தல் வேண்டும். மின்சாரம் வந்தும் தட்டு ஒட்டவில்லையெனில் குற்றம் கிளட்சினுடையது. சுருளின் மின்தடை ஏறத்தாழ 3 முதல் 5 ஓம் வரை இருத்தல் இயல்பு. மீட்டர் அளவிலா எண்ணைக் காட்டினால் சுருள் அறுந்ததென்று கொள்க. தட்டுக்கும் கப்பிக்கும் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாட்பட்ட தேய்வினால் அது விரிந்துவிட்டால் ஒரு வேடிக்கை நிகழும். காலையில் குளிர் வரும். எஞ்சின் நன்கு சூடேறியபின் நின்றுவிடும். சுருள் சூடேறினால் அதன் தடை மிகுந்து மின்னோட்டம் குறைய, காந்தத்தின் இழுவிசை அவ்விரிந்த இடைவெளியைக் கடக்க மாட்டாது போகின்றது. மெல்லிய தகடுகளை மாற்றி இடைவெளியைக் குறைத்தலே பல வண்டிகளில் இதற்குப் போதிய மருந்து. இத்தகைய வண்டிகளிலிருந்து நல்ல கம்ப்ரெஸர்கள் கழற்றி எறியப்பட்டதை யாம் கண்டதுண்டு.

இனி, மின்சாரமே வரவில்லையெனில், பியூஸையும் ரிலேயையும் முதலிற் பார்க்க. அவை நன்றாயிருப்பின் அழுத்தச் சுவிட்சை நாடுக. இச்சுவிட்சு கம்ப்ரெஸரின் காவலாள். குழாயினுள் அழுத்தம் மிகத் தாழ்ந்து, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 28 ராத்தலுக்குக் கீழே போனாலும், மிக உயர்ந்து 450 ராத்தலை எட்டினாலும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். (பட்டறைகளில் பி.எஸ்.ஐ. என்று வழங்குவது இவ்வளவையே.) வாயு கசிந்து குறையும்போது சுவிட்சு மின்சாரத்தைத் தடுப்பது பழுதன்று, தன் கடமையைச் செய்வதேயாம்.

எம் நண்பரின் வண்டியை மீண்டும் சோதித்தபோது, அச்சுவிட்சிலிருந்து வரும் இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு நாடாவினால் சுற்றப்பட்டிருந்தன. சித்திரையில் கால்மணி நேரத்தில் நடந்த வைத்தியம் அதுதான். காவலாளைக் கட்டிப்போட்டுவிட்டுக் கம்ப்ரெஸரை ஓட்டியிருக்கின்றனர். எஞ்சியிருந்த அரைகுறை வாயுவைக்கொண்டு இரண்டு வாரம் ஒருவாறு குளிர்ந்தது. அவ்விரண்டு வாரமும் கம்ப்ரெஸர் எண்ணெய் திரும்பாமையால் தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருந்தது. பரிசோதனையின் பொருட்டு ஒரு நொடி அக்கம்பிகளை இணைத்துப் பார்ப்பது வேறு. அப்படியே கட்டி அனுப்புவது வேறு.

தட்டு சுழன்றும் குளிரில்லையெனில் அழுத்தமானிகளைப் பொருத்துக. இதிலும் நிறுத்திய நிலையில் காணும் அளவை நம்பி மோசம் போவோர் உளர். எஞ்சின் நின்று சிறிது நேரமானபின் தாழ்பக்க மானியும் உயர்பக்க மானியும் ஒரே எண்ணைக் காட்டும். ஆர்-134ஏ நிறைந்த பொறியில், வெளியே 30 பாகை உஷ்ணமாயின் அவ்வெண் ஏறத்தாழ 97 ராத்தல். 35 பாகையாயின் 114. இதைக் கண்டு "வாயு சரியாகவே இருக்கின்றது" என்று சொல்லிவிடலாமோ? ஆகாது. மூடிய கலத்தினுள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை, திரவம் ஒரு படியாயினும் ஒரு துளியாயினும், அழுத்தம் உஷ்ணத்தைப் பொறுத்ததேயன்றித் திரவத்தின் அளவைப் பொறுத்ததன்று. இது பௌதிக வகுப்பில் முதலாண்டு மாணவர் படிக்கும் பாடமே. ஆகவே இயல்பான எண் காட்டினால் உள்ளே திரவம் சிறிதேனும் உண்டு என்பது மட்டுமே தெளிவு. எண் தாழ்ந்திருந்தால் திரவம் அறவே இல்லை, ஆவி மட்டுமே உள்ளது என்பது உறுதி. எவ்வளவு இருக்கின்றதென்பதை அறிய, முழுதும் வெளியே வாங்கி நிறுத்துப் பார்ப்பதைத் தவிர நேரான வழியில்லை.

பின்பு எஞ்சினை ஓட்டிப் பார்க்க. வெளி உஷ்ணம் 35 பாகை அளவிலிருக்கும் பொழுது, நல்ல நிலையிலுள்ள பொறியில் தாழ்பக்கம் ஏறத்தாழ 30 முதல் 45 ராத்தலும் உயர்பக்கம் 200 முதல் 275 ராத்தலும் காட்டும். வண்டிக்கு வண்டி சிறிது வேறுபடும். இரு பக்கமும் தாழ்ந்திருப்பின் வாயு குறைவு. இரு பக்கமும் உயர்ந்திருப்பின் வாயு அளவுக்கு மிஞ்சியதோ, காற்றுக் கலந்ததோ, கண்டென்ஸர் தூசியால் அடைபட்டதோ, அதன் விசிறி நின்றதோ ஆகலாம். ஓடும்போது குளிர்ந்து, சாலைச் சந்திப்பில் நிற்கும்போது மட்டும் வெப்பக்காற்று வீசும் வண்டியில் விசிறியையே முதலில் ஐயுறுக. தாழ்பக்கம் பூஜ்யத்தையும் கடந்து வெற்றிடத்தை நோக்கிச் சென்றால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைபட்டிருக்கின்றது. அவ்வடைப்புச் சில வேளை தோன்றிச் சில வேளை மறையுமாயின், உள்ளே புகுந்த ஈரம் ஊசித்துளையில் பனிக்கட்டியாய் உறைந்து பின் உருகுகின்றதெனலாம்.

இவையெல்லாம் கம்ப்ரெஸரின் குற்றமல்ல என்பதை நோக்குக. கம்ப்ரெஸர் தானே வலியிழந்ததற்கு அடையாளம் வேறு. தாழ்பக்கம் உயர்ந்தும், உயர்பக்கம் தாழ்ந்தும், இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். எஞ்சினின் வேகத்தை மிகுத்தாலும் அவை பிரிந்து விலகா. உறிஞ்சவும் வலியில்லை, அழுத்தவும் வலியில்லை என்பதே இதன் பொருள். உள்ளிருக்கும் மெல்லிய நாக்கு வால்வுகளில் ஒன்று முறிந்திருந்தால் மானியின் முள் நடுநடுங்கும். மானியில்லாதவர் குழாய்களை நெருங்கிச் சோதிக்கலாம்: கம்ப்ரெஸருக்குள் வரும் பருத்த குழாய் குளிர்ந்து வியர்த்தும், அதிலிருந்து வெளிச்செல்லும் குழாய் தொடப் பொறாத சூட்டுடனும் இருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டிலிருந்தால் உள்ளே வேலை நடைபெறவில்லை. கை சுடாதபடியும் சட்டை நுனி பெல்ட்டில் அகப்படாதபடியும் காத்துக்கொள்க.

செவியும் ஒரு கருவியே. குளிர்ப் பொத்தானை அமுக்காதபோதே கரகரவென்னும் ஓசை வந்து, அமுக்கியதும் மாறினால் அல்லது மறைந்தால், தேய்ந்தது கப்பியின் பேரிங். அதை மட்டும் மாற்றலாம். அமுக்கியபின் மட்டுமே தட்டொலியோ அரைபடும் ஒலியோ எழுந்தால் குற்றம் உள்ளே. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கிளட்சின் முன்தட்டைக் கையால் திருப்பிப் பார்த்தலும் நன்று. சிறு தடையோடு வழவழப்பாகச் சுற்றினால் நலம்; மணலை அரைப்பதுபோல் உணர்ந்தால் தேய்வு; அசையவே மறுத்தால் உள்ளே இறுகிவிட்டது. இறுகிய கம்ப்ரெஸரோடு குளிர்ப் பொத்தானை அமுக்குதல் பேராபத்து. பெல்ட் கூச்சலிட்டு எரிந்து அறும். பல வண்டிகளில் அதே பெல்ட்டே மின்சார ஜெனரேட்டரையும், சிலவற்றில் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுவதாகலின் வண்டியே நடுவழியில் நிற்கும்.

புது வகை வண்டிகள் சிலவற்றில் கிளட்ச் இல்லை. கம்ப்ரெஸர் எப்பொழுதும் சுழலும். உள்ளிருக்கும் சாய்தட்டின் சாய்வைச் சிறு மின்வால்வு ஒன்று கூட்டியும் குறைத்தும் வேலையை மாற்றும். அவ்வால்வு கெட்டாலும் மானிகள் மேற்கூறியவாறே ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். சிறுபொருளாகிய வால்வை மாற்றிப் பாராமல் முழுக் கம்ப்ரெஸரையும் தூக்கி எறிதல் வீண் செலவு. மின்சார வண்டிகளிலும் கலப்பு வண்டிகளிலும் கம்ப்ரெஸரையே மின்மோட்டார் சுழற்றுகின்றது. பலவற்றில் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்டது. ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளைக் கண்டால் பயிற்சியில்லாதார் கையை எடுத்துவிடுக. அவற்றுக்குரிய எண்ணெயும் தனி. சாதாரண வண்டிகளில் ஊற்றும் எண்ணெயை ஊற்றினால் மின்காப்புக் கெடும்.

கம்ப்ரெஸர் உள்ளே அரைபட்டு அழிந்ததென்றே முடிவாயிற்று என்க. அப்பொழுது செய்யத்தக்கது யாது? அரைபட்ட அலுமினியத் துகளும் கருகிய எண்ணெயும் சேர்ந்து கரிய சேறுபோலாகிக் கண்டென்ஸருக்குச் செல்கின்றன. இக்காலத்துக் கண்டென்ஸரின் குழாய்கள் தட்டையாய், மயிரிழைபோன்ற நுண்துளைகள் பல கொண்டவை. அவற்றுட் புகுந்த துகளை எந்தத் திரவத்தாலும் முற்றக் கழுவி எடுத்தல் அரிது. ஆதலால் கம்ப்ரெஸரோடு கண்டென்ஸரையும் டிரையரையும் மாற்றி, எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றி, மற்றக் குழாய்களைக் கழுவ வேண்டும். பின்பு, தயாரிப்பாளர் குறித்த எண்ணெயைக் குறித்த அளவில் இட்டு, வெற்றிடப் பம்பினால் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளிருக்கும் காற்றை இழுத்தல் வேண்டும். காற்றை நீக்குவது மட்டும் இதன் பயனன்று. நீர் 100 பாகையில் கொதிப்பது காற்றழுத்தம் உள்ளவரைதான். அழுத்தம் பாதரச அளவில் 32 மில்லிமீட்டருக்கு இறங்கினால் 30 பாகையிலேயே கொதித்து ஆவியாகிப் பம்பின் வழியே போய்விடும். அவசரப்பட்டு ஐந்து நிமிடத்தில் பம்பை நிறுத்துவோர் ஈரத்தை உள்ளேயே வைத்து மூடுகின்றனர்.

இவ்வளவும் செய்தபின்னும் முதற் கசிவு எங்கே என்று காணாவிடில் எல்லாம் பாழ். வாயுவோடு எண்ணெயும் கசிவதால், கசியும் இடத்தில் தூசி படிந்து ஈரக்கறை தோன்றும். இணைப்புக்களிலும் கண்டென்ஸரின் கீழ்மூலையிலும் அதனைத் தேடுக. நைட்ரஜனை நிரப்பிச் சோப்பு நீரைத் தடவினால் குமிழிகள் காட்டிக்கொடுக்கும். ஆர்-134ஏ எஞ்சியுள்ள குழாயில் சோதனைக்காகக் காற்றை ஏற்றலாகாது. அழுத்தத்தில் காற்றோடு மிகுதியாய்க் கலந்தால் அது தீப்பற்றக்கூடும். ஆண்டுதோறும் "கேஸ் நிரப்புதல்" ஒரு வழக்கமென்று எண்ணுவோரும் உளர். மூடிய பொறியில் வாயு செலவாகும் பொருளன்று. ஆண்டுதோறும் நிரப்ப நேர்ந்தால் ஆண்டுதோறும் அது எங்கோ போகின்றது. முன்பு வழங்கிய ஆர்-12 வானத்து ஓசோன் படலத்தை அழிப்பதென்று கண்டு, 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி அது விலக்கப்பட்டது. அதற்கு ஈடாக வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குக் கேடு செய்யாதெனினும், பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2007-இல் தந்த கணக்கின்படி, நூறாண்டு அளவில் கரியமிலவாயுவினும் 1,430 மடங்கு பூமியைச் சூடாக்குவது. ஒரு வண்டியிலிருந்து அரைக் கிலோகிராம் வெளியேறுவது 700 கிலோகிராமுக்கு மேற்பட்ட கரியமிலவாயுவை வெளிவிடுதற்கு ஒப்பாம். பட்டறை வாயிலில் வால்வைத் திறந்து 'புஸ்' என்று விட்டுவிடுவோர் இதனை நினைப்பதில்லை.

நண்பரின் வண்டியில் கசிவு கண்டென்ஸரின் கீழ்மூலையில் இருந்தது. சாலையிலிருந்து தெறித்த கல் பட்ட சிறு வடு. அதன் வழியே வாயு குறைய, சுவிட்சு மின்சாரத்தைத் துண்டித்தது, கம்பிகளை இணைத்தார்கள், முதற் கம்ப்ரெஸர் அரைபட்டது. அதன் துகள் நிறைந்த அதே ஓட்டைக் கண்டென்ஸரோடு புதியதைப் பொருத்தி, முறுக்கிய கம்பிகளையும் அப்படியே விட்டார்கள். அது நாற்பது நாள் தாங்கியதே வியப்பு. முதல் நாளிலேயே அவ்வடுவைக் கண்டு கண்டென்ஸரை மட்டும் மாற்றியிருந்தால், பின்னர் ஆன செலவில் நாலிலொரு பங்கும் ஆகியிராது.

வேறொரு பட்டறையில், இம்முறை யாமும் உடனிருக்க, எல்லாவற்றையும் மாற்றிச் சுவிட்சின் கம்பிகளைப் பழையபடி பிரித்துப் பொருத்தினோம். ஆடி மாதத்துப் பயணத்தில் அன்னையார் வழியெல்லாம் உறங்கியே வந்தாராம். கழற்றிய இரண்டு கம்ப்ரெஸர்களையும் நண்பர் எமக்கே தந்துவிட்டார். முதலாவதை அறுத்துத் திறந்து பௌதிக ஆய்வுச்சாலையின் வடக்கு அலமாரியில் வைத்துள்ளோம். சாய்தட்டின்மீது நகத்தாற் கீறியதுபோன்ற வரிகளையும், உருளையின் சுவரில் ஒட்டிய கரிய சேற்றையும், எண்ணெயின் ஈரம் சிறிதுமின்றி உலர்ந்து கிடக்கும் தண்டையும் மாணவர்கள் அங்கே காணலாம். கம்ப்ரெஸரின் பக்கத்தில், முறுக்கிய கம்பித் துண்டும் கறுப்பு நாடாவோடு அப்படியே வைக்கப்பட்டிருக்கின்றது.